முப்பது கூரை உள்ள வீடு

தைனான் நகரத்து அன்பிங் கோட்டைச் சுவருக்கு முன்னால் எந்த நாளும் ஒரு கூட்டம் நிற்கும். சர்க்கரைப் பாகும் ஒட்டரிசிக் கஞ்சியும் சிப்பிச் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டிய சுவர். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் நிற்கிறது. போதாததற்கு ஆலமரம் வேறு தன் வேரைச் சுவர்மேல் விரித்துப் படத்துக்குத் தோதாக உட்கார்ந்திருக்கிறது. அப்பேர்ப்பட்ட சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச்சாரி இறால் சுருள் கடையின் பின்பக்கத்துத் தகரத்தை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தால், அது ரோங்குன்தான். வேறு யாராகவும் இருக்க வழியில்லை.

சுற்றுலா வந்தவர்களில் சிலர், அவருடைய கேமரா நீண்டிருக்கும் திசையில் ஏதோ அபூர்வப் பறவை இருக்கிறதாக்கும் என்று எட்டிப் பார்ப்பார்கள். தகரம் இருக்கும். அவரை ஒருமுறை பார்ப்பார்கள். அப்புறம் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நிற்பார்கள்.

ரோங்குனுக்குத் தொழில் குழாய்க் கடை. இப்போது வயதாகிவிட்டதால் காலையில் மட்டும் திறக்கிறார். மத்தியானச் சோறு இறங்கியதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நகரத்தின் சந்துபொந்தெல்லாம் சுற்றுவார். வீட்டுக்கு வெளியே ஒட்டிய குளியலறை ஓடு, கூழாங்கல் தெரியக் கழுவிய சிமெண்டுச் சுவர், பூப்போட்ட கண்ணாடி, சன்னல் கம்பியில் வளைந்து நிற்கும் இரும்புப் பூ என்று ஒன்று விடமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே தகரம். மொட்டைமாடியில், பின்கட்டில், கோழிக்கூண்டின்மேல், கோயில் சமையல்கட்டின்மேல், கடல்காற்று தின்று மிச்சம்வைத்த நெளிதகரம்.

“கோட்டையக் கட்டினப்போ அதுவும் சாதாரணச் சுவர்தான். இன்னும் முந்நூறு வருஷம் போனா இந்தத் தகரம்தான் கோட்டை” என்பார்.

“இன்னும் முந்நூறு வருஷம் போனா துருதான் இருக்கும்” என்பாள் அவர் மனைவி யூலான்.

அவருக்குப் பேராசை எதுவும் இல்லை. யாராவது ஒருவர் அவர் எடுத்த படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று ‘நல்லா இருக்கு’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அது நடக்கவில்லை. யூலானிடம் காட்டினால், சந்தையில் பால்மீனின் செவுளைத் திறந்து பார்ப்பதுபோலப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, “தகரம்” என்பாள். அதில் பிழை சொல்ல முடியாது. தகரம்தான்.

அவளுக்குத் தகரத்தின் மேல் பழைய பகை. கல்யாணமான புதிதில், வீட்டுப் பின்கட்டில் தகரம் இறக்கி அவளுக்கென்று ஒரு சமையலறை போட்டார் ரோங்குன். அன்று அவள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் புதுக் கேமராவில் படம் எடுத்தார். கழுவி வந்த படத்தில் பின்னாலிருந்த தகரத்தின் ஒவ்வொரு நெளியும் ஒவ்வொரு ஆணியும் துல்லியமாக விழுந்திருந்தன. யூலான் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு மங்கல். அன்றிலிருந்து எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும், மின்கட்டணத்தில் ஆரம்பித்தாலும், அந்தப் படத்தில்தான் வந்து முடியும்.

அப்படிப்பட்ட ரோங்குனுக்கு ஒரு கண்காட்சி கிடைத்தது.

பேட்டைக் கோயிலில் சாமி பிறந்தநாள் வந்தது. கோயில் குழுத் தலைவர் ஹுவாங், பக்கத்து மண்டபத்தில் ஏதாவது வைத்தால் தேவலை என்று நினைத்தார். போன வருஷம் வைத்த செடித்தொட்டிகள் வாடிப்போயின. அதற்கு முந்தின வருஷம் வைத்த எழுத்தோவியங்களை எழுதியவரே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிஞ்சியது ரோங்குன். “நம்ம பேட்டைப் படமா இருக்கணும். அவ்வளவுதான்” என்றார் ஹுவாங். கண்காட்சி என்றால் நாடா வெட்ட வேண்டும், நாடா வெட்டப் பதவியில் இருக்கிற ஒருவர் வேண்டும். விசாரித்ததில் நகரக் கட்டட அலுவலகத்து அதிகாரி ஷூ என்பவர் வர ஒப்புக்கொண்டார். மறுநாள் காலை கோயில் ஒலிபெருக்கி பேட்டை முழுக்கக் கேட்கும்படி முழங்கியது.

“வர்ற ஞாயித்துக்கிழமை, நம்ம பேட்டை வீட்டுக் கூரைகளோட படக்காட்சி! கட்டட அலுவலகத்து ஷூ ஐயா நேர்ல வந்து ஒவ்வொரு படமா பார்வையிடுறாங்க! எல்லாரும் வரணும்!”

அன்று காலை பேட்டையில் பல வீடுகளில் கஞ்சி அடிப்பிடித்தது.

காரணம் இதுதான். மொட்டைமாடியில் தகரம் போட்டு ஓர் அறை ஏற்றாத வீடு அந்தப் பேட்டையில் கிடையாது. அதற்கு அனுமதி வாங்கிய வீடும் கிடையாது. அடுத்தவன் கூரையைப் படம் எடுக்கிறவனுக்கு அந்த ஊரில் ஒரே நோக்கம்தான் உண்டு. படத்தோடு விலாசத்தையும் சேர்த்துக் கட்டட அலுவலகத்துக்கு அனுப்புவது. அனுப்பினால் ஆள் வருவான். புதுக் கூரை என்றால் உடனே இடி. பழைய கூரை என்றால் இடிக்கிற வரிசையில் கடைசி. அந்த வரிசை ஒரு தலைமுறைக்கு நீளும். கூரை போட்டவனின் பேரன் பார்த்துக்கொள்வான்.

இதெல்லாம் ரோங்குனுக்கும் தெரியும். ஆனால் கண்காட்சி கிடைத்த மனிதனுக்குத் தெரிந்ததெல்லாம் வேளைக்கு ஞாபகம் வருமா?

முதலில் வந்தவன் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் மெக்கானிக் ஆ-சாய். கடை வாசலில் நின்று, “வாத்தியாரே!” என்றான். ரோங்குன் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அதுவரை அவர் எல்லாருக்கும் ‘குழாய்க்காரர்’.

“வாத்தியாரே, எங்க வீட்டையும் எடுத்திருக்கீங்களாமே?”

“எடுத்திருக்கேன். மூணாவது மாடி. உன் தகரம் இருக்கே, அது சாதாரணத் தகரம் இல்ல ஆ-சாய்.”

ஆ-சாயின் முகம் வெளுத்தது. “சாதாரணத் தகரந்தான் வாத்தியாரே. ரொம்பச் சாதாரணம். சொல்லப்போனா மட்டமான தகரம்.”

“அடக்கமெல்லாம் வேணாம்ப்பா. அதைத்தான் பெருசா போட்டிருக்கேன். இந்தக் கதவு அளவுக்கு.”

“கதவு... அளவுக்கா?”

“வாசல்லயே மாட்டப்போறேன். ஷூ ஐயா உள்ள நுழைஞ்சதும் கண்ணு நேரா அதுல போய் விழணும்.”

ஆ-சாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அன்று சாயங்காலம், புத்தாண்டுக்கு வாங்கி ஃப்ரீசரில் பத்திரப்படுத்தியிருந்த உலர்ந்த மீன்முட்டை ஒரு ஜோடி, சிவப்புத் தாளில் சுற்றி ரோங்குன் வீட்டுக்கு வந்தது.

“ரசிகன்னா இவன் ரசிகன்” என்றார் ரோங்குன்.

யூலான் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு மீன்முட்டையை மெல்லிசாக நறுக்கினாள். அவள் தோள் குலுங்கியது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். கொய்யாப் பெட்டி வந்தது. சிப்பி வந்தது. தையற்காரி ஒருத்தி அவர் அளவைக் கேட்காமலே ஒரு கால்சட்டை தைத்துக்கொண்டு வந்தாள், சரியாகவும் இருந்தது. எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள்.

“எங்க தகரம் ரொம்பப் பழசு வாத்தியாரே. துருவைப் பாத்தீங்கல்ல?” என்றார் ஐஸ் கடைக்காரர் தியாவ்.

“பாத்தேன், பாத்தேன். ஆனா இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா அழகா இருந்திருக்கும்.”

“ஏத்திடலாம்!” என்றார் தியாவ், கண்ணில் ஒளியோடு. “எவ்வளவு ஏறணும், சொல்லுங்க!”

மறுநாள் ஸ்கூட்டரில் போன ரோங்குன் பார்த்த காட்சி அவரைக் கலங்க வைத்தது. மாடிக்கு மாடி ஆண்கள் வாளியும் கையுமாக நின்று, கடல்தண்ணீரையும் புளித்த காடியையும் தங்கள் தகரத்தின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆ-சாயின் மனைவி மெய்சியா மட்டும், “போன வருஷந்தான்டா இந்தப் பச்சைய நான் என் கையால அடிச்சேன், நாசமாப் போறவனே!” என்று தன் புருஷனைத் துடைப்பத்தோடு துரத்திக்கொண்டிருந்தாள்.

“ஊருக்கே துருவோட அழகு புரிஞ்சுபோச்சு யூலான்” என்றார் வீட்டுக்கு வந்து. குரல் தழுதழுத்தது.

“ம். கொய்யா சாப்பிடு” என்றாள் அவள்.

சனிக்கிழமை மத்தியானம் படங்களை மண்டபத்தில் மாட்டி முடித்தார். மொத்தம் முப்பது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சீட்டு. கடைக்காரப் பழக்கம், சீட்டுத் தொங்காத சரக்கை அலமாரியில் வைத்தால் அவருக்குத் தூக்கம் வராது. வாசல் படத்தின் சீட்டில், குழாய்க்கு எழுதுகிற அதே குண்டு எழுத்தில் இப்படி இருந்தது: ‘பொருள்: நாகம் பூசிய நெளிதகரம், பச்சை வண்ணம். இடம்: கோயில் பின்சந்து, ஐந்தாம் எண் வீடு, மூன்றாம் மாடி. உரிமை: ஆ-சாய். போட்டது: போன வருஷம் கோடையில்.’

ஹுவாங் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“வாத்தியாரே, பதிமூணாவது படம்... என் மச்சானோட கரோக்கே ரூமு.”

“ஆமா. அருமையான தகரம். ரெண்டு அடுக்கு.”

“அதை மட்டும் எடுத்துடேன். மத்தவங்களப் பத்தி எனக்குக் கவலையில்ல.”

“ஏன்? உங்களுக்குப் பிடிக்கலையா?”

ஹுவாங் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ரோங்குன், நாம ஒண்ணாப் பள்ளிக்கூடம் போனவங்க. எங்கிட்ட எதுக்கு நடிப்பு? ஊர்ல எத்தனையோ பேர் அடுத்தவன் கூரையப் போட்டுக் கொடுத்திருக்காங்க. ஆனா கைக்காசு போட்டு, ஃப்ரேம் மாட்டி, அதிகாரிய வரவழைச்சு, நாடா வெட்டி, போட்டுக் கொடுக்கிற மொத ஆளு நீதான்யா!”

ரோங்குன் சிரித்தார். ஹுவாங் சிரிக்கவில்லை. ரோங்குன் மெதுவாகத் திரும்பி வாசல் படத்தின் சீட்டை வாசித்தார். அப்புறம் அடுத்தது. அதற்கு அடுத்தது. பொருள், இடம், உரிமை, போட்ட வருஷம். அலுவலகத்துக்காரர்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதித் தரமாட்டார்கள். 

வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

“யூலான், ஊர்ல எல்லாரும் என்னை...”

“தெரியும்” என்றாள் அவள், கீரையை ஆய்ந்துகொண்டே.

“தெரியுமா! எப்ப இருந்து?”

“ஒலிபெருக்கி கத்தின அன்னிக்கே. சந்தைல மீன்காரி எனக்குப் பாதி விலைக்குக் குடுத்தா. அவ ஆத்தாளுக்கே அப்படிக் குடுக்கமாட்டா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“மீன்முட்டை நல்லா இருந்துச்சு.” கீரைக் கட்டைக் கீழே வைத்தாள். “ஏ கிழவா, உன்னை இத்தனை பேர் நடுத்தெருவுல நிறுத்தி நிறுத்திப் பேசி நான் பாத்ததே இல்ல. சாப்பிடறப்போ உனக்கு நீயே சிரிச்சுக்கிட்டுச் சாப்பிட்ட. அதைப் பாத்துக்கிட்டு, எந்த வாயால சொல்றது?”

அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிப் போனார். படங்களைக் கழற்றிவிடலாம். கழற்றினால் இந்த ஜென்மத்தில் இன்னொரு கண்காட்சி கிடையாது. மாட்டிவைத்தால் பேட்டையில் முப்பது அறைக்குள் மழை பெய்யும். முடிவு அவர் கைக்கு அடங்கவில்லை. சாமி முன்னால் மண்டியிட்டு, பிறைபோல் வளைந்த, குறி கேட்கும் கட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டார். ‘சாமி, நாளைக்குக் காட்டலாமா?’ என்று கேட்டுப் போட்டார். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் கவிழ்ந்தால் கூடாது. இரண்டும் தட்டையான பக்கம் மேலே தெரிய விழுந்தன. அப்படி விழுந்தால் சாமி சிரிக்கிறது என்று பொருள்.

‘கழற்றிடலாமா?’ என்று மாற்றிக் கேட்டார். சாமி சிரித்தது.

‘வேற என்னதான் செய்யட்டும்?’ என்றார் கொஞ்சம் கோபமாகவே. கட்டைகள் உருண்டு போய், யோசித்து, மறுபடி சிரித்தன.

பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஹுவாங், “சாமிக்கே அடக்க முடியல” என்றார். “நாங்க எம்மாத்திரம்.”

ரோங்குன் முப்பது சீட்டையும் உரித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சீட்டே இல்லாமல் விட்டால் அதிகாரி ‘இது எந்த வீடு?’ என்று கேட்பார். கேட்டால் இவருக்குப் பொய் வராது, வியர்வைதான் வரும். ஆகவே புது அட்டைகளை எடுத்து எழுத ஆரம்பித்தார். யூலான் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“எல்லாத்துலயும் நம்ம விலாசமா எழுதற?”

“ஆமா.”

“எல்லாம் நம்ம வீட்டுக் கூரையா?”

“ஆமா.”

“நம்ம சமையலறையும் தகரந்தான். அனுமதி இல்ல. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு” என்றார் அவர், நிமிராமல். “இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு.”

 அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாதி அட்டைகளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். “பேனா குடு. உன் எழுத்தப் பாத்தா கக்கூஸ் குழாய் விலை மாதிரி இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை பேட்டை முழுவதும் வந்தது. சாவுக்கு வருவதுபோல் வந்தது. குள்ளமான அதிகாரி ஷூ பட்டாசுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு வந்து நாடாவை வெட்டினார். ஜனம் உள்ளே நுழைந்ததும் ஒருவரும் படத்தைப் பார்க்கவில்லை. அத்தனை தலைகளும் குனிந்து சீட்டைத்தான் வாசித்தன. ‘இடம்: படம் எடுத்தவர் வீடு.’ அடுத்தது: ‘இடம்: படம் எடுத்தவர் வீடு.’ மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு மெல்ல எழுந்து விசிறிவரை போனது.

மூச்சு விட்டபின்தான் தலைகள் நிமிர்ந்தன. நிமிர்ந்தவை அப்படியே நின்றன.

ரோங்குன் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். ஐஸ் கடைத் தியாவ் ஒரு படத்துக்கு முன் நின்று கழுத்தைச் சாய்த்தார். அந்தி வெயிலில் அவருடைய தகரத்தின் துரு, சாமி குடையின் ஜரிகை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. தையற்காரி படத்தில் தன் வீட்டுக் கூரை ஓரத்துத் துவாரத்தில் குடியிருந்த சிட்டுக்குருவியை விரலால் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.   பார்க்கிறார்கள். நிஜமாகவே பார்க்கிறார்கள்.

அதிகாரி ஷூ ஐந்தாறு சீட்டை வாசித்துவிட்டு அவர் பக்கம் வந்தார். “எல்லாமே உங்க வீடா?”

“ஆமாங்க.”

“எத்தனை மாடி?”

“ரெண்டு.”

“கூரை?”

ரோங்குன் வியர்வையைத் துடைத்தார். “கொஞ்சம் நிறையங்க.”

அத்தோடு போயிருக்கும். ஆனால் தைபேயிலிருந்து வந்த இளம் ஜோடி ஒன்று வாசல் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. “இந்தப் பச்சையப் பாரேன்!” என்றாள் அந்தப் பெண். “கடல் மாதிரி இல்ல? இந்த வீட்டுக்காரருக்கு என்ன ரசனை!”

“படம் எடுத்தவரு வீடாம். கீழ போட்டிருக்கு” என்றான் பையன்.

பக்கத்தில் நின்ற மெய்சியாவின் மூக்கு விடைத்தது. ஆ-சாய் அவள் கையைக் கிள்ளினான். அவள் திருப்பிக் கிள்ளினாள்.

“யாரு ரசனை?” என்றாள். “அந்த ஆளு வீட்டுல பச்சை எங்க இருக்கு? பச்சை மிளகாய்கூடக் கிடையாது! அது எங்க வீட்டுத் தகரம்! நான் அடிச்ச பெயிண்ட்! மூணு கடை ஏறி இறங்கி, ரெண்டு டப்பாவக் கலந்து, என் கையால அடிச்சது!”

 ஆ-சாய் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். ஆனால் தியாவ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அப்படிப் பாத்தா, அந்த ஏழாவது படம் என் துரு. அது தானா வந்த துரு. காடி ஊத்தி வந்ததில்ல.”

“இந்தக் குருவி எங்க வீட்டுக் குருவி!” என்றாள் தையற்காரி.

“ரெண்டு அடுக்குத் தகரம் இந்தப் பேட்டைலயே எங்க கரோக்கே ரூமுக்குத்தான்!” என்றார் ஹுவாங்கின் மச்சான், ஹுவாங் அவர் வாயைப் பொத்துமுன்.

அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. ஆளுக்கொரு படத்தின் முன்னால் நின்று, மார்பில் தட்டி, எங்கள் கூரை, எங்கள் கூரை என்று முழங்கினார்கள். தன் கூரை படத்தில் இல்லாத ஒருவர், “எங்க வீட்டுக்கு மட்டும் ஏன்யா வரல, நாங்க என்ன மட்டமா?” என்று ரோங்குனின் சட்டையைப் பிடித்தார்.

அதிகாரி ஷூ கையைத் தூக்கினார். அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. கம்பியில் உட்கார்ந்த காக்கைக் கூட்டம் சட்டென்று பேச்சை நிறுத்தியதுபோல் ஆனது.

“இன்னிக்கு என்ன கிழமை?” என்றார் ஷூ.

“ஞாயித்துக்கிழமை” என்றது மண்டபம், மெல்லிய குரலில்.

“ஞாயித்துக்கிழமைல எனக்குக் காது சரியாக் கேக்காது.” அவர் ரோங்குன் பக்கம் திரும்பினார். “ஆனா கண்ணு தெரியுது வாத்தியாரே. எழுதி ஒட்டியிருக்கிறது ஒரே விலாசம். முப்பது கூரைன்னு நீங்களே எழுதி வெச்சா, நாளைக்கு யாராவது என்னைக் கேப்பாங்க. ஒரு ஆளை அனுப்பித்தான் ஆகணும். தப்பா நெனைச்சுக்காதீங்க.”

வாசலில் செருப்பைத் தேடும்போது மெய்சியாவிடம் குனிந்து, “எந்த ரெண்டு டப்பாம்மா கலந்தீங்க? எங்க மாடிக்கும் தேவைப்படுது” என்று கேட்டதை ஹுவாங் மட்டும் கேட்டார்.

அதிகாரி அனுப்பிய ஆள் அதே வாரத்தில் வந்தது. அளவு நாடாவோடு ஓர் இளம்பெண். பெயர் குமாரி கோ. அவள் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் சந்தே ரோங்குன் வீட்டுப் பின்கட்டில் கூடியிருந்தது. முதல் நாள் சாயங்காலமே ஆ-சாய் ஏறி, நன்றிக் கடனாக, சமையலறைத் தகரத்தின்மேல் வாளி வாளியாகக் கடல்தண்ணீரும் காடியும் ஊற்றியிருந்தான். அளவு மீறிவிட்டது. ஓர் இடத்தில் துளையே விழுந்து, வாணலிக்கு நேராகச் சொட்டியது.

யூலான் அடுப்பில் சிப்பி முட்டைத் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சொட்டு விழும்போதெல்லாம் வாணலி சீறியது. அவள் கூரையையும் பார்க்கவில்லை, குமாரி கோவையும் பார்க்கவில்லை.

“மீதி இருபத்தொன்பது கூரை எங்க?” என்றாள் குமாரி கோ.

“எடுத்துட்டேன்” என்றார் ரோங்குன்.

“எங்க எடுத்தீங்க?”

“படமா.”

அவள் வாய்க்குள் சிரித்துக்கொண்டதுபோல் இருந்தது. “சரி, இது எப்பப் போட்டது?”

“நான் பொறந்தப்பவே இருந்துச்சும்மா!” என்றார் தியாவ்.

“உங்களுக்கு என்ன வயசு?”

“அறுபத்திநாலு.”

“வீடு கட்டி நாப்பது வருஷந்தான் ஆகுது ஐயா.”

“அதான் சொல்றேன். வீட்டுக்கு முன்னாடியே இது இருந்துச்சு” என்றார் தியாவ், பின்வாங்காமல்.

“பேச்சு வேணாம். பழசுன்னா நான் வரிசைல கடைசில போட்டுடறேன். ஆனா காட்டணும். பழைய படம் ஏதாவது இருக்கா? தேதியோட?”

எல்லாத் தலையும் ரோங்குன் பக்கம் திரும்பியது. ஊரில் ஒரு தகரம் விடாமல் படம் எடுத்த மனிதர். கோழிக்கூண்டுக் கூரையை நான்கு பருவத்திலும் எடுத்த மனிதர்.

“இல்ல” என்றார் அவர்.

“சொந்த வீட்டை எடுக்கலையா?” என்றான் ஆ-சாய், நம்ப முடியாமல்.

“இது... நம்ம வீட்டுத் தகரம். தெனம் பாக்கிறது. இதுல போய் என்ன இருக்குன்னு...”  வாணலி ஒருமுறை சீறியது.

யூலான் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, ஓரம் பழுத்த ஒரு படத்தைக் குமாரி கோவின் கையில் கொடுத்தாள். அவள் எப்போதோ கிழித்துப் போட்டிருப்பாள் என்று ரோங்குன் நினைத்திருந்த படம்.

தகரம். ஒவ்வொரு நெளியும், ஒவ்வொரு ஆணியும், ஆணித் தலையில் பட்டுத் தெறித்த வெளிச்சமும்கூட எண்ணிக்கொள்ளலாம். மூலையில் கேமரா பதித்த தேதி ஆரஞ்சு நிறத்தில் தெளிவாக இருந்தது; அந்த வருஷத்தில் குமாரி கோ பிறந்திருக்கவில்லை. இடது பக்கம் சிவப்பாக ஒரு மங்கல்.

“இது என்ன, தீயா?”

“நான்தான்” என்றாள் யூலான்.

“ஐயோ அக்கா, முகமே தெரியலையே!”

“தகரம் தெரியுதா?”

“ரொம்ப நல்லாத் தெரியுது.”

“அது போதும்.”

குமாரி கோ படத்தைத் தன் ஃபோனில் எடுத்துக்கொண்டாள். பழைய கூரை, வரிசையில் கடைசி என்று குறித்துக்கொண்டாள். யூலான் கட்டாயப்படுத்தியதால் தோசையில் பாதி சாப்பிட்டாள். கொஞ்சம் காடி தூக்கலாக இருக்கிறது என்றாள். ஆ-சாய் கூரைத் துளையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லாரும் போனபிறகு யூலான் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். செவுளைத் திறந்து பார்க்கிற பார்வை இல்லை. ரோங்குன் கதவோரம் நின்றார். ஒரு வார்த்தைக்காகத் தூணுக்குப் பின்னால் நின்றதைவிட அதிகமாகப் பயந்தார்.

“ஏ கிழவா.”

“ம்.”

“படம் நல்லாத்தான் இருக்கு.”

 அவர் கடைக்குள் ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தார். “நில்லு. அடுப்புகிட்ட நில்லு. இந்தத் தடவ உன்னைத்தான் எடுக்கிறேன். தகரத்தைக் கண்ணால பாக்கவே மாட்டேன்.”

“எண்ணெய்ப் பிசுக்கு முகத்தோடயா?” என்று திட்டிக்கொண்டே அவள் தலையைக் கோதிவிட்டுக்கொண்டு நின்றாள். அவர் மூச்சைப் பிடித்து எடுத்தார். திரையில் யூலான் விழுந்திருந்தாள், கண்ணோரச் சுருக்கம் வரைக்கும் துல்லியமாக. பின்னால் கூரை முழுக்கக் கலங்கிய சாம்பல் நிறம்.

அவள் கேமராவை வாங்கி, மூக்குக்கு அருகே பிடித்து, நிதானமாகப் பார்த்தாள்.

“என்ன கிழவா இது, தகரம் சரியா விழவே இல்லையே” என்றாள். “நாளைக்கு ஆள் வந்தா எதைக் காட்டறது?”